கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கும் முன் கழுத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன், வயது 43. இருபது வருடமாகச் சர்ச்சில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதும் என் மரக் கிட்டாரில் கம்பிகள் உயர்ந்துவிடுகின்றன. ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடித்தால் விரல் வலிக்கிறது. அதையே ஏசி அறையில் சில வாரம் வைத்தால் கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைகிறது. கார்பன் ஃபைபர் கிட்டார் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? விரல் வலி குறையுமா? சத்தம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் என்கிறார் நண்பர். நம் ஊரில் ரிப்பேர் செய்ய முடியுமா?

பதில்: முதல் கேள்விக்கு, தீரும். இரண்டாவதற்கு அப்படி ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. உங்கள் பணம் வீணாகாமல் இருக்க வேண்டும் என்றால் அந்த இரண்டாவது கேள்வியில்தான் நாம் அதிக நேரம் செலவிட வேண்டும்.

உங்கள் கிட்டாருக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். மரம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நாருக்குக் குறுக்கே விரிகிறது. மேல்பலகையின் ஓரங்கள் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருப்பதால், விரிந்த மரத்துக்கு மேலே புடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பலகை புடைத்தால், அதன்மேல் ஒட்டிய, கம்பிகள் வந்து முடியும் பிரிட்ஜ் என்ற கட்டை உயரும், கம்பிகளும் கூடவே உயரும். ஏசி அறையில் இது தலைகீழ். மரம் சுருங்கி, பலகை தாழ்ந்து, கம்பி ஃப்ரெட்டில் படுகிறது. கிட்டார் செய்பவர்கள் காற்றில் 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் இருக்கும் அறையை மனதில் வைத்துத்தான் மரத்தை வெட்டி ஒட்டுகிறார்கள். கடலோரத்தில் மழைக்காலம் எங்கே, அந்த அறை எங்கே!

இதே தொல்லையிலிருந்துதான் கார்பன் கிட்டாரே பிறந்தது. ஹெலிகாப்டர் தொழிலில் இருந்த சார்லஸ் காமன் 1966-இல் ஓவேஷன் கிட்டார்களைக் கொண்டுவந்தார். முதுகுப் பக்கம் மரம் இல்லை, கண்ணாடி இழையால் வார்த்த உருண்டைக் கிண்ணம். அந்த நிறுவனம் 1976-இல் அடாமஸ் என்ற மாதிரியில், மெல்லிய பிர்ச் மரத் தகட்டின் இருபுறமும் கார்பன் இழை வைத்து மேல்பலகையையும் மாற்றியது. ஹவாயின் மவுய் தீவில் இருந்த இயற்பியலாளர் ஜான் டெக்கர், ஈரக்காற்றில் மரக் கிட்டார்கள் பாழாவதைப் பார்த்துவிட்டு, முழுக்கக் கார்பனிலேயே செய்யும் முயற்சியில் இறங்கினார். அதுதான் ரெயின்சாங். மழையிலும் வாசிக்கலாம் என்பது பெயரிலேயே இருக்கிறது. அப்புறம் அயர்லாந்தின் டொனிகால் பகுதியில் எமரால்ட், சான் ஃபிரான்சிஸ்கோவில் பிளாக்பேர்ட் என்று வரிசை நீண்டது.

கார்பன் ஈரத்துக்கு அசையாது. வெப்பத்துக்கும் ஏறக்குறைய அசையாது. ஆனால் ட்யூனிங்கே மாறாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். கம்பி எஃகு. வெயிலில் அது நீளும், சுருதி இறங்கும். புதுக் கம்பி எந்தக் கிட்டாரில் போட்டாலும் சில நாள் இழுபடத்தான் செய்யும். மாறாதது உடம்பும் கழுத்தும்தான். அதாவது கம்பியின் உயரம்.

இப்போது விரல் வலிக்கு வருவோம். கார்பன் கிட்டார் மாறாது என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. சரியாக அமைந்தது எப்போதும் சரியாகவே இருக்கும், தவறாக அமைந்ததும் அப்படியே இருந்துவிடும். மரத்தில் கழுத்தின் கோணம் கெட்டுப்போனால், பசையை இளக்கிக் கழுத்தைக் கழற்றி, கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டலாம். நான் அப்படிப் பல கிட்டார்களை மீட்டிருக்கிறேன். கழுத்தும் உடம்பும் ஒரே வார்ப்பாக வந்த கார்பன் கிட்டாரில் அந்த வழி அடைபட்டிருக்கும். ஒருமுறை ஒரு இளைஞர் ஆசையாக வாங்கிய கார்பன் கிட்டாரை என்னிடம் கொண்டுவந்தார். பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் மெல்லிய பட்டையான சேடிலை முடிந்தமட்டும் தேய்த்தாயிற்று, பிரிட்ஜுக்கு மேலே நகம் அளவுகூட மிச்சமில்லை, கம்பி இன்னும் உயரமாகவே நின்றது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாங்கும் முன் ஐந்து நிமிடம் அளந்திருந்தால் அவர் அதை வாங்கியிருக்கவே மாட்டார்.

அந்த ஐந்து நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்று சொல்கிறேன். கடைக்குப் போகும்போது அரை மில்லிமீட்டர் கோடு போட்ட இரும்பு ஸ்கேல், மெல்லிய இடைவெளியை அளக்க மெக்கானிக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜ், எல்லாக் கம்பியையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப், இவ்வளவும் எடுத்துப் போங்கள். கிட்டாரைச் சரியாக ட்யூன் செய்துவிட்டு, 12-ஆவது ஃப்ரெட்டின் மேல்முனையிலிருந்து கம்பியின் அடிப்பக்கம் வரை அளங்கள். தடித்த ஆறாவது கம்பியில் 2.4 மி.மீ., மெல்லிய முதல் கம்பியில் 1.8 முதல் 2 மி.மீ. வரை இருந்தால் உங்களைப் போலக் கார்டு அடிப்பவருக்கு வசதி. மூன்று மி.மீ. இருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் சேடிலைப் பாருங்கள். 12-ஆவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. அதனால் அங்கே அரை மி.மீ. இறக்க, சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டும். பிரிட்ஜுக்கு மேலே சேடில் மூன்று மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் தேய்க்க இடம் உண்டு. ஒரு மி.மீ.தான் தெரிகிறது, கம்பியும் உயரமாக நிற்கிறது என்றால் பேரம்கூடப் பேச வேண்டாம், கிட்டாரை வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது கழுத்தின் வளைவு. கழுத்து கம்பு மாதிரி நேராக இருக்கக் கூடாது, மிக லேசாக உள்வாங்கியிருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ போடுங்கள். கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஆறு ஏழாவது ஃப்ரெட் பக்கம், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஃபீலர் கேஜை நுழையுங்கள். 0.1 முதல் 0.25 மி.மீ. நல்லது. மரக் கழுத்தில் இதைத் திருத்த உள்ளே ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டு இருக்கும். கார்பன் கிட்டார்களில் சிலவற்றில் அது உண்டு, சிலவற்றில் கிடையாது. இல்லாதவற்றில் வளைவை வார்க்கும்போதே வைத்துவிடுகிறார்கள். அது சரியாக வந்திருந்தால் ஆயுசுக்கும் தொட வேண்டாம். சரியாக வராவிட்டால் ஃப்ரெட்டைத் தேய்த்துச் சமாளிப்பதைத் தவிர வழி இருக்காது. ஆகவே ட்ரஸ் ராட் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் முதல் கார்பன் கிட்டாருக்கு, இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

கம்பியின் தடிமனும் வலியில் பெரும்பங்கு. கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். 12 முதல் 53 வரை உள்ள வழக்கமான லைட் செட்டில் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். 11 முதல் 52 செட்டில் அது சுமார் 66 கிலோவாக இறங்கும். விரலுக்கு அந்த வித்தியாசம் முதல் கார்டிலேயே தெரியும். மரக் கிட்டாரில் மெல்லிய கம்பி போட்டால் சத்தம் கொஞ்சம் சோர்ந்துபோகும். நல்ல கார்பன் பலகை விறைப்பாக, மெல்லியதாக இருப்பதால் 11-லேயே தாராளமாகப் பேசுகிறது என்பது என் அனுபவம். நீங்கள் கேட்ட விரல் வலிக்குக் கார்பன் செய்யும் உண்மையான உதவி இதுதான்: தாழ்ந்த ஆக்‌ஷனை, அதாவது கம்பி உயரத்தை, மழைக்காலத்திலும் அப்படியே வைத்திருக்கும், மெல்லிய கம்பியிலும் போதிய சத்தம் தரும். ஒரு எச்சரிக்கை, ட்ரஸ் ராட் இல்லாத கழுத்து எந்தத் தடிமன் கம்பிக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டு மாற்றுங்கள். இழுவிசை குறைந்தால் வளைவும் கொஞ்சம் குறையும், இரைச்சல் வரலாம்.

கையில் பிடிக்கும் சுகத்துக்கும் ஒரு வார்த்தை. பளபளப்பான பிசின் பூச்சுள்ள கழுத்து, வேர்வைக் கையில் ஒட்டும். நம் கடற்கரைக் காற்றுக்கு மங்கலான பூச்சே ஏற்றது. அச்சில் வார்ப்பதால் எந்த வளைவும் கொண்டுவரலாம் என்பது கார்பனின் பெரிய வசதி. வலது முழங்கை படும் விளிம்பை மழித்ததுபோல் சரிவாக்குகிறார்கள். கழுத்து சேருமிடத்தின் புடைப்பை எடுத்துவிடுவதால் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை சறுக்கிக்கொண்டு போகிறது. சிலவற்றில் ஒலித்துளையை நடுவிலிருந்து மேல் ஓரத்துக்குத் தள்ளியிருப்பார்கள். வாசிப்பவர் காதுக்கு அது மிகவும் நல்லது. எடை மட்டும் பெரிதாகக் குறையாது, மரத்தைப் போலவே சுமார் 2 கிலோ வரும்.

சத்தம் பற்றி உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. கார்பன் கிட்டார் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. கார்பன் துணியை அடுக்கடுக்காக வைத்து எபாக்சி பிசினில் இறுகச் செய்வது ஒன்று. பிளாஸ்டிக்கில் கார்பன் கலந்து அச்சில் வார்ப்பது மற்றொன்று. எனியா நோவா வகைகளில் பாலிகார்பனேட்டோடு கார்பன் சேர்ந்திருக்கிறது. விலை குறைவு, பயணத்துக்கும் குழந்தைகள் பழகுவதற்கும் நல்ல பொருள். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, அடுக்கிச் செய்த கார்பன் இப்படித்தான் பேசும் என்று முடிவுகட்டக் கூடாது. அடுக்கிச் செய்த வகைக்கு விலை ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுக்கிச் செய்த கார்பனின் நாதம் மரத்திலிருந்து வேறுதான். மேல்பலகைக்கு வழக்கமாகப் போடும் ஸ்ப்ரூஸ் மரம் நார் ஓடும் திசையில் விறைப்பு, குறுக்கே அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்குச் சத்தத்தில் கொஞ்சத்தை மரமே விழுங்கிக்கொள்கிறது. நாம் கதகதப்பு என்று சொல்வது பெரும்பாலும் அந்த விழுங்கல்தான். கார்பன் அவ்வளவு விழுங்காது. மேல்ஸ்தாயி மினுங்கும், ஒரு கார்டு வெகுநேரம் நிற்கும். முதல் நாள் சிலருக்கு இது உலோகமாகக் கேட்கும். அதனால்தான் கார்பனோடு கண்ணாடி இழை கலந்து செய்த வகைகளும் வந்தன. அவை கொஞ்சம் மரத்தின் பக்கம் சாய்ந்து ஒலிக்கும். மரம் வாசிக்க வாசிக்கக் கனிவதுபோல் கார்பன் கனியாது. கடையில் முதல் நாள் கேட்ட சத்தம்தான் பத்து வருடம் கழித்தும். பிடிக்காத சத்தத்தைப் போகப் போகப் பழகிவிடும் என்று வாங்காதீர்கள். நீங்கள் சர்ச்சில் பிக்கப் (கிட்டாரில் பொருத்தும் ஒலிவாங்கி) வழியாக ஸ்பீக்கரில் வாசிக்கிறீர்கள் என்றால், இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கே மறைந்துவிடும்.

ரிப்பேருக்கு வருவோம். சேடில், நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் வெட்டுள்ள பட்டை), ட்யூனர் எல்லாம் மரக் கிட்டாரில் போலவேதான், உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். உடம்பில் விரிசல் விட்டால் படகோ பைக்கின் முன்மூடியோ ஃபைபரில் செய்பவர்களுக்கு அடைக்கத் தெரியும், ஆனால் கிட்டார் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் உலர்ந்த கார்பனை முகமூடி இல்லாமல் அரம் போட விடாதீர்கள், அந்தத் தூள் மூச்சுக்குழலையும் தோலையும் அரிக்கும். ஃப்ரெட், ட்யூனர், திருகு எல்லாம் உலோகம், உப்புக்காற்று அவற்றைச் சும்மா விடாது. கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாதா இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் இன்னும் வேகமாக அரிபடும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள், பூச்சுள்ள கம்பி போடுங்கள், முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் உள்ளதாக வாங்குங்கள்.

லட்ச ரூபாய் செலவழிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். இப்போதிருக்கும் கிட்டாருக்கு எலும்பில் இரண்டாவது சேடில் ஒன்று செய்யச் சொல்லுங்கள், பழையதைவிட முக்கால் முதல் ஒரு மி.மீ. தாழ்வாக. செலவு சில நூறு ரூபாய்தான். மழை தொடங்கியதும் தாழ்ந்ததைப் போடுங்கள், தை பிறந்ததும் பழையதற்கு மாறுங்கள், கம்பியை 11 செட்டாக்குங்கள். நட்டில் வெட்டு போதிய ஆழத்தில் இருக்கிறதா, கம்பி அங்கே உயர்ந்து நிற்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் ஃப்ரெட்டில் பார் பிடிக்க வலிப்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கும், அது கார்பன் கிட்டாரிலும் தவறாக வரக்கூடியதே. வரும் மழைக்காலத்தை இப்படி ஓட்டுங்கள். அதற்கும் விரல் வலித்தால் ஸ்கேலையும் ஃபீலர் கேஜையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.