யார் வடிவமைத்தது என்பதோடு யார் செய்தது என்றும் கேளுங்கள்

கேள்வி: டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரில் வசிக்கிறேன். பழைய மரச்சாமான் கடையில் ஒரு தேக்கு கை நாற்காலி பிடித்துப்போய்விட்டது. டேனிஷ் வடிவமைப்பாளர் ஃபின் யூல் வரைந்தது என்கிறார் கடைக்காரர். செய்தவரின் முத்திரை எதுவும் இல்லை, விலையோ அதிகம். வாங்கலாமா?

பதில்: நாற்காலி பிடித்திருந்தால் வாங்குங்கள். ஆனால் ஃபின் யூல் என்ற பெயருக்காக ஒரு குரோனர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

யூல் காலத்து டேனிஷ் நாற்காலியில் வரைந்தவருக்குப் பாதிப் பெருமை, செய்த தச்சருக்குப் பாதி. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் கண்காட்சி நடத்தியது. வரைபவர்களும் பட்டறைக்காரர்களும் ஜோடி சேர்ந்தது அங்கேதான். கட்டடக் கலை படித்த யூலுக்கு வாய்த்த ஜோடி தச்சர் நீல்ஸ் வோடர். 1945-இல் வந்த யூலின் புகழ்பெற்ற என்வி45 நாற்காலி வோடர் பட்டறையில் உருவானது. அந்தப் பட்டறையின் முத்திரை மரத்திலேயே சூடு போட்டுப் பதித்தது. காகித லேபிள் என்றால் உதிர்ந்துவிட்டது எனலாம், சூட்டு முத்திரை உதிராது. யூலின் வடிவங்களைத் தொழிற்சாலையில் செய்த பிரான்ஸ் அண்ட் டாவர்கோசன் நிறுவனம், 1957-இல் பிரான்ஸ் அண்ட் சன் ஆனது. அவர்கள் சாமான்களில் சிறு வட்ட வில்லை பதித்திருப்பார்கள். அது கழன்றிருந்தாலும் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சரி, நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். அது என்வி45 என்றால் இருக்கை பக்கச் சட்டங்களை ஒட்டாமல், குறுக்குக் கட்டைகளின் மேல் மிதப்பதுபோல் நிற்கும். கைகளின் விளிம்பு காகிதம் வெட்டும் கத்திபோல மெலிந்திருக்கும். இதில்தான் கவனம் வேண்டும். பழைய மரத்தைப் புதிதுபோல் காட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். விளிம்பு மழுங்கினால் அந்த வடிவம் போனது போனதுதான், எந்தத் தச்சராலும் திருப்பித் தர முடியாது. எனக்கு இது மனம் பொறுக்காத விஷயம். மெத்தைக்கு அடியிலுள்ள ரப்பர் பட்டை காய்ந்து வெடித்திருந்தால் கவலைப்படாதீர்கள், மாற்றிவிடலாம். கைகளைப் பிடித்துக் குறுக்காக அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? பழைய பசை விட்டிருக்கும், பிரித்து ஒட்டலாம். ஆனால் இணைப்பில் யாராவது திருகாணி இறக்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: 1960-களில் செய்த ரோஸ்வுட் நாற்காலி ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். வாங்குவதில் ஏதேனும் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. அந்தக் கால டேனிஷ் சாமான்களில் ரோஸ்வுட் என்றால் பெரும்பாலும் பிரேசில் மரம், நம் ஊர் ஈட்டிக்கு உறவு. அழிந்துவரும் இனம் என்பதால் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்கவே சான்றிதழ் வேண்டும், வெளியே கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். சான்றிதழின் நகல் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். "பழசு, அதனால் தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். 1947-க்கு முன் செய்த சாமானுக்குத்தான் அந்த விலக்கு.

கேள்வி: டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னரின் விஷ்போன் நாற்காலியைப் புதிதாக வாங்குவதா, பழையதா?

பதில்: பழையதுதான் என் தேர்வு. 1949-இல் வெக்னர் வரைந்ததை கார்ல் ஹான்சன் அண்ட் சன் நிறுவனம் 1950 முதல் இன்றுவரை விடாமல் செய்துவருகிறது, அதனால் பழையது நிறையவே கிடைக்கும். இருக்கை சுமார் 120 மீட்டர் காகிதக் கயிற்றால் பின்னியது. போர்க்காலத்தில் கடற்புல் கிடைக்காமல் போனபோது டேனிஷ்காரர்கள் பிடித்துக்கொண்ட பொருள் இது, பல்லாண்டு உழைக்கும். அறுந்திருந்தால் சட்டத்தின் உறுதியை மட்டும் பார்த்து, மறுபின்னல் கூலியைக் கழித்துப் பேரம் பேசுங்கள். பின்னுபவரிடம் காகிதக் கயிறுதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சிலர் நைலான் கயிறு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.