மார்க் வாங்குகிறாள், முடிவெடுக்கத் தடுமாறுகிறாள்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் மகள் கல்லூரித் தேர்வில் நல்ல மார்க் வாங்குகிறாள், ஆனால் மாதிரித் தேர்வில் 'முதலில் எந்த நோயாளியைப் பார்ப்பீர்கள்' என்று கேட்டால் சறுக்குகிறாள், கோச்சிங்கில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. இப்போது வேண்டாம். அவளிடம் பாடம் இருக்கிறது. அதைப் படுக்கையருகே கொண்டுபோகும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வார்டில் மூன்று பேர். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், வலியில் கத்துகிறார் ஒருவர். இன்னொருவர் சர்க்கரை நோயாளி, சாப்பிட்டபின் 190. மூன்றாமவருக்குக் காலையில் தைராய்டு ஆபரேஷன். அமைதியாகத்தான் படுத்திருக்கிறார், மூச்சை இழுக்கும்போது மட்டும் கீச்சென்று ஒரு சத்தம். பல மாணவிகள் கத்துபவரிடம் ஓடுவார்கள். போக வேண்டியது மூன்றாமவரிடம். கழுத்துக்குள் ரத்தம் கசிந்தோ வீக்கத்தாலோ மூச்சுக்குழாய் அடைபட்டால் நிமிடங்களில் உயிர் போய்விடும். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்தம் கழுத்தின் பின்பக்கம் வழிந்து தேங்கும் என்பதால் கட்டுப்போட்ட இடத்தை முன்னால் பார்த்தால் மட்டும் போதாது, கழுத்துக்கு அடியிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு தடுமாற்றம், கீழ்ப்படிதலால் வருவது. டிகாக்ஸின் என்ற இதய மாத்திரைக்கு முன் ஒரு முழு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் துடிப்பு 52, கேஸ் ஷீட்டில் எட்டு மணி டோஸ் எழுதியிருக்கிறது என்றால், 'கொடுத்துவிட்டுக் கவனிப்பேன்' என்று டிக் அடித்துவிடுவாள். டாக்டர் எழுதியதை எப்படி நிறுத்துவது என்ற பயம் (நாமும் அப்படித்தானே வளர்த்திருக்கிறோம்!). மாத்திரையை நிறுத்திவைத்து உடனே டாக்டரிடம் சொல்வது அவரை மீறுவதாகாது, அதுதான் நர்ஸின் வேலை.

சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் போஸ்டிங் கிடைத்தால் அதைவிட நல்ல கோச்சிங் கிடையாது. கூட்டம் அதிகம், கேஸ்களும் பலவிதம். டியூட்டி மாறும்போது சிஸ்டர்கள் ஹேண்ட்ஓவர் கொடுப்பதை, அதாவது அடுத்து வருபவர்களிடம் நோயாளிகளின் நிலையைச் சொல்லி ஒப்படைப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதும் 'இவர்களில் முதலில் யாரிடம் போவேன், ஏன்' என்று நோட்டில் எழுதட்டும். அப்புறம் சீனியர் சிஸ்டர் யாரிடம் முதலில் போனார் என்று பார்த்து, வேறுபட்டால் காரணம் கேட்கட்டும். பிசியான நேரத்தில் கேட்டால் திட்டு விழும், டீ நேரம் பார்த்துக் கேட்கலாம். கேர் பிளானை (நோயாளியை எப்படிக் கவனிப்பது என்று எழுதும் திட்டம்) சீனியர் நோட்டிலிருந்து காப்பி அடிக்கும் வழக்கம் இருந்தால், அதை இன்றே விடச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு ஆசை இருந்தால் இது இன்னும் முக்கியம். அமெரிக்காவில் நர்ஸாக உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாறிவிட்டது. இப்போது அதில் ஒரே நோயாளியை வைத்து ஆறு கேள்விகள் தொடர்ந்து வருகின்றன: அறிகுறியைக் கவனிப்பதில் தொடங்கி, செய்தது பலன் தந்ததா என்று பார்ப்பதுவரை.

அரசு நர்ஸ் வேலைக்கான எய்ம்ஸின் நார்செட், மாநில எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வுகளுக்குக் கோச்சிங் வேண்டுமென்றால் நான்காம் ஆண்டில் பார்க்கலாம். அதுவரை அந்தப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.