வாசகர் கேள்வி–பதில்: முப்பரிமாண உறுப்பு மாதிரிகள்

கே: மருத்துவ மாணவர்களுக்குக் கணினியில் உறுப்புகளைச் சுழற்றிக் காட்ட வேண்டும். அதே கோப்புகளில் கல்லீரலின் கனஅளவையும் ஆராய நினைக்கிறோம். எந்த இலவசத் தொகுப்பை எடுக்கலாம்?

ப: இரண்டுக்கும் ஒன்றே ஆகாது. காட்டுவதற்கு ஜப்பானின் பாடிபார்ட்ஸ்3டி நன்றாகவே போதும். பாகம் பாகமாகக் கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் உடற்கூறியல் அடையாள எண். ஆனால் அது ஓர் ஆணின் உடலை வைத்துச் செய்தது. மூலமான எம்.ஆர்.ஐ. மாதிரியின் நுணுக்கம் 2 மி.மீ. தான். அதில் தெரியாத நுண்பகுதிகளைப் பாடநூல்களைப் பார்த்துக் கையால் சேர்த்திருக்கிறார்கள். அதை அளந்தால் ஓவியரின் கையைத்தான் அளப்பீர்கள்.

அளவெடுக்க, சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து வந்த டோட்டல்செக்மென்டேட்டர் தொகுப்பு மேல். முதல் பதிப்பில் 1,204 சி.டி. ஸ்கேன்கள், அவற்றில் தனித்தனியே குறியிட்ட 104 உடற்பகுதிகள். ஒரு சிக்கல் உண்டு: நெஞ்சுக்கு மட்டும் எடுத்த ஸ்கேனில் கல்லீரல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதையும் கணக்கில் சேர்த்தால் சராசரி இறங்கிவிடும். முதல் அல்லது கடைசி அடுக்கில் கல்லீரலின் குறியீடு தென்பட்டால் அந்த ஸ்கேனை ஒதுக்கிவிடுங்கள்.

கே: எங்கள் சி.டி.யிலிருந்து 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளில் கல்லீரலைப் பிரித்தோம். மேற்பரப்பு படிக்கட்டுபோல் இருக்கிறது. மழுப்பினால் (வழவழப்பாக்கினால்) ரத்தக்குழாய்கள் மறைகின்றன.

ப: 5 மி.மீ. அடுக்குகளை எடுத்திருப்பீர்கள். படி அங்கிருந்துதான் வருகிறது. எவ்வளவு மழுப்பினாலும் இடையில் பதிவாகாதது திரும்பி வராது. ஸ்கேன் மையத்தில் 1 மி.மீ. மெல்லடுக்குத் தொடரைக் கேளுங்கள். இடம் போதாமல் பல இடங்களில் அதைச் சில நாளில் அழித்துவிடுவார்கள், ஆகவே உடனே கேட்பது நல்லது. குழாய்களுக்கு, அவற்றைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டுச் சுமார் 70 விநாடியில் எடுத்த தொடர் வேண்டும்.

பிறகு கல்லீரலையும் குழாய்களையும் தனித்தனிப் பகுதியாகப் பிரியுங்கள். கல்லீரலுக்கு மட்டும் மீடியன் மழுப்பல் (ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கப் புள்ளிகளின் நடுமதிப்பைத் தருவது) 3 மி.மீ. வையுங்கள். குழாய்க்கும் அதையே கொடுத்தால், மிக மெலிந்த கிளைகளை இரைச்சல் என்று துடைத்துவிடும்.

கே: 12 செ.மீ. இதய மாதிரி, முப்பரிமாண அச்சு மென்பொருளில் மிளகளவு தெரிகிறதே?

ப: முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல். கோப்பில் அலகு கிடையாது, வெறும் எண்கள்தான். அங்குலத்தில் ஏற்றுமதியான 4.7-ஐ அச்சு மென்பொருள் மி.மீ. என்று படித்திருக்கிறது. அளவை 2540% ஆக்குங்கள்.