மிஸஸ் டவுட்ஃபயர் பாட்டியின் முகம் ஒரே முகமூடியா?

கேள்வி: 'மிஸஸ் டவுட்ஃபயர்' படத்தில் ராபின் வில்லியம்ஸ் பாட்டி முகத்தை முகமூடி மாதிரி மாட்டுகிறார், கழற்றுகிறார். நிஜத்திலும் அப்படித்தானா? அந்த முகத்தை எப்படிச் செய்திருப்பார்கள்?

இல்லை. படத்தில் ராபின் வில்லியம்ஸின் பாத்திரமான டேனியல் கையில் பிடித்திருக்கும் அந்த முழு ரப்பர் முகம் கதைக்காகச் செய்த ஒரு சாமான், அவ்வளவுதான். கேமரா முன்னால் பேசி, சிரித்து, அழுத முகம் வேறு. அது பல துண்டுகளாக வார்த்து, ஒவ்வொன்றாகத் தோலில் ஒட்டி, மேலே வண்ணம் தீட்டியது. ஒரு நாள் மேக்கப் முடியச் சுமார் 4 மணி நேரம் பிடித்தது. முகத்தைச் செய்தவர் கிரெக் கேனம். வே நீல், யோலண்டா டூசியங் இருவரும் அவரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார்கள். படம் 1993 நவம்பரில் வெளியானது. இயக்கம் கிறிஸ் கொலம்பஸ்.

கதைக்கு ஏன் அந்த முகமூடிப் பொய் தேவைப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் கார்ட்டூன்களுக்குக் குரல் கொடுக்கும் டேனியல் ஹில்லார்டுக்கு வேலையும் போகிறது, மனைவியும் விவாகரத்து கேட்கிறாள். பிள்ளைகள் மூவரும் தாயிடம். அப்பாவுக்குச் சனிக்கிழமை மட்டும். மூன்று மாதத்துக்குள் நிலையான வேலையும் ஒழுங்கான வீடும் காட்டினால் மறுபடி யோசிக்கலாம் என்கிறார் நீதிபதி. அந்த மூன்று மாதத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் தன் பழைய வீட்டுக்கே வேலைக்காரப் பாட்டியாகப் போகிறான். மேக்கப் கலைஞனான உடன்பிறந்தவன் ஃப்ராங்க் முகம் செய்து தருகிறான். தினமும் போய்வர வேண்டிய அப்பாவுக்கு 4 மணி நேர மேக்கப் கட்டுப்படியாகுமா? ஆகவே கதையில் அது ஒரு நிமிடத்தில் மாட்டும் முகமூடி ஆயிற்று. சமூகநல அதிகாரி வரும்போது ஜன்னல் வழியே தெருவில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்குவதும் அதனால்தான் சாத்தியம்.

இனி, நிஜமான வேலை. எந்த நடிகருக்கும் ஃபோம் லேடெக்ஸ், அதாவது நுரைத்த ரப்பர், மேக்கப் இந்த வழியில்தான் போகும். முதலில் தலைமுடியை ஒட்டுத்தொப்பிக்குள் அடக்கி, பல் மருத்துவர்கள் பல் அச்சு எடுக்கும் அதே ஆல்ஜினேட்டை முகம் முழுக்கப் பூசுவார்கள். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். சில நிமிடங்களில் அது கெட்டிப்பட்டுவிடும், ஆனால் தானாக நிற்காது. அதனால் மேலே பிளாஸ்டர் கட்டுத்துணி இரண்டு மூன்று அடுக்கு. உள்ளே இருப்பவர் சிரித்தாலோ தாடையை அசைத்தாலோ அச்சு கோணிப்போகும். கோணின அச்சில் செய்த துண்டு எந்த நாளும் முகத்தில் சரியாக உட்காராது. இந்த அச்சில் கல் போன்ற பிளாஸ்டரை ஊற்றினால் நடிகரின் தலை அப்படியே கிடைக்கும்.

அந்தத் தலைமேல் களிமண்ணால் பாட்டியைச் செதுக்குவார்கள். தொங்கும் கன்னம், இரட்டை நாடி, மூக்கு, நெற்றிச் சுருக்கம். செதுக்கினதைக் கன்னம், நாடி, கழுத்து என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மோல்டு. ஏன் பிரிக்கிறார்கள்? ஒரே துண்டாக இருந்தால் வாய் திறக்கும்போது நெற்றி இழுபடும். பிரித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினால் கன்னம் கன்னமாக அசையும், நாடி நாடியாக அசையும்.

மோல்டுக்குள் போவது ரப்பர் பால். நுரை தரும் பொருளும் கந்தகக் கலவையும் சேர்த்து, கேக் மாவு அடிக்கிற மாதிரி மெஷினில் அடித்தால் நுரைத்துப் பல மடங்கு பொங்கும். அடிக்க அடிக்க அம்மோனியா பறக்கும். அது அதிகம் போய்விட்டால் மோல்டில் ஊற்றுவதற்கு முன்பே கிண்ணத்தில் உறைந்துவிடும். போதாமல் நின்றால் உறையத் தாமதமாகி, குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட்டை விழும். கடைசியில் உறைய வைக்கும் பொருளைச் சேர்த்ததும் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதற்குள் ஊற்றி, மோல்டை மூடி, 80 முதல் 90 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் சுட வேண்டும். மோல்டில் ஈரம் இருந்தால் துண்டின் மேற்பரப்பு சொரசொரவென்று வந்து எல்லாம் வீண். அன்றைய அறையின் சூடும் ஈரப்பதமும்கூடக் கணக்கில் வரும். நேற்று சரியாக வந்த அளவு இன்று சொதப்பிவிடும்.

இந்த வேலையின் உயிர் ஓரத்தில் இருக்கிறது. துண்டின் நடுப்பகுதி விரல் தடிப்பு இருக்கலாம். ஓரம் டிஷ்யூ தாள் போல மெலிந்து தோலோடு கரைய வேண்டும். மாலையில் கழற்றும்போது அந்த ஓரம் கிழிந்துவிடும், மறுநாள் ஒட்டுக்கு உதவாது. ஆகவே ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் புதிய துண்டுகள். எத்தனை நாள் பாட்டி வேஷமோ அத்தனை செட், உடைந்தால் மாற்ற உபரி வேறு. சினிமா ரசிகர்கள் இந்தக் கணக்கை யோசிப்பதில்லை. ஒரு முகத்தைச் செய்வதைவிட அதே முகத்தை நாள்தோறும் அச்சு மாறாமல் செய்வது பெரிய வேலை.

ஒட்டியபின் வண்ணம். சாதாரண க்ரீம் மேக்கப்பில் உள்ள எண்ணெய் ரப்பரை அரிக்கும். அதற்கென்று விளக்கெண்ணெய் அடிப்படையில் செய்த க்ரீம் தனியாக உண்டு. ஃபோம் லேடெக்ஸில் ஒளி ஊடுருவாது, நம் தோலில் ஊடுருவும். ஒரே நிறமாகப் பூசினால் பொம்மை. சிவப்பு, பழுப்பு, நீலம் கலந்த புள்ளிகளை மெல்லியதாகத் தெளித்துத் தெளித்து உள்ளே இரத்தம் ஓடுவது போன்ற மாயையைக் கொண்டுவர வேண்டும். அதன்மேல் அந்தப் பாட்டி தானே போட்டுக்கொள்ளும் பவுடர், லிப்ஸ்டிக். இது ரொம்பப் புத்திசாலித்தனமான இடம்: கன்னத்தில் கொஞ்சம் செயற்கை தெரிந்தாலும் 'வயசான அம்மா மேக்கப் போட்டிருக்கிறார்' என்றே கண் எடுத்துக்கொள்ளும். கண்ணாடி கண்ணோர விளிம்பை மறைக்கிறது; உயர்ந்த காலர் கழுத்து ஒட்டை மறைக்கிறது. மறைக்காமல் விட்ட ஒரே இடம் கால். பேருந்தில் காலுறை இறங்கி ரோமம் தெரிவதை நகைச்சுவையாகவே ஆக்கிவிட்டார்கள்.

எதிரி, வியர்வை. செட் விளக்குகளின் சூட்டில் நடிகர் வியர்த்தால் பசை விட்டுப்போகும், முதலில் வாய் மூலையில். ராபின் வில்லியம்ஸோ ஒரு டேக் போல இன்னொரு டேக் செய்யாதவர். எழுதியபடி எடுத்தபின் அவர் இஷ்டத்துக்கு விடுவார்கள். எதிரே நிற்பவர்களின் முகமும் தவறாமல் கிடைக்க கொலம்பஸ் ஒரே நேரத்தில் பல கேமராக்களை ஓடவிட்டார். அதே சூடு ஒரு நல்லதும் செய்தது. முகமூடி போனதும் டேனியல் ஃப்ரிட்ஜைத் திறந்து கேக்குக்குள் முகத்தைப் புதைத்து, அதிகாரி முன்னால் வந்து நிற்பாரே, அங்கே க்ரீம் விளக்குச் சூட்டில் உருகி டீக் கோப்பையில் சொட்டியது. எழுத்தில் இல்லாதது. வில்லியம்ஸ் நிறுத்தவில்லை, இதோ உங்கள் டீக்குப் பாலும் சர்க்கரையும் வந்தாயிற்று என்கிற மாதிரி சமாளித்தார். அதுவே படத்தில் இருக்கிறது.

நம்மூர் தொடர்பும் உண்டு. இதே கருவில் 1996-இல் வந்த 'அவ்வை சண்முகி'யில் கமல்ஹாசனுக்கு மேக்கப் செய்தவர் ஹாலிவுட்டின் மைக்கேல் வெஸ்ட்மோர். அங்கே இன்னும் கஷ்டம். அவ்வை மேடையில் ஆடிவிட்டு இறங்கும் பாத்திரமல்ல. மடிசார் கட்டி அடுப்படியில் நிற்கிற மாமி. சென்னைச் சூடு வேறு. முடிவில்தான் இரண்டு படமும் பிரிகின்றன: தமிழில் கணவன் மனைவி சேர்ந்துவிடுவார்கள், ஆங்கிலத்தில் சேர்வதில்லை. அந்த முடிவை மாற்றாமல் விட்டதுதான் படத்தை இத்தனை வருடம் தாங்கி நிற்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அந்த மேக்கப்புக்கு உண்மையான பரீட்சையும் முடிவில்தான். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து, பெற்றோர் பிரிந்துவிட்ட ஒரு சிறுமியின் கடிதத்துக்குப் பாட்டி பதில் சொல்கிறார். ஓட்டமில்லை, வேஷம் மாற்றும் கலாட்டா இல்லை, முகம் மட்டும் நம் எதிரே. அம்மாவும் அப்பாவும் மறுபடி சேராமலே போகலாம், அது உன் தப்பில்லை என்று சொல்லும்போது ரப்பர் நம் கவனத்துக்கே வருவதில்லை. அடுத்த முறை பார்க்கும்போது அந்தக் காட்சியில் கண்களை மட்டும் கவனியுங்கள். முகம் முழுக்க ஒட்டியிருந்தும், கண் மட்டும் ராபின் வில்லியம்ஸுடையது.