நவம்பர் 9: செவ்வாய் செய்த வேலையா?

வணக்கம் ஐயா,

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஜெர்மனியில் மன்னராட்சி முடிந்தது, ஹிட்லரின் முதல் கலகம் தோற்றது, யூதர்கள் மீது வெறியாட்டம் நடந்தது, பெர்லின் சுவர் திறந்தது எல்லாமே நவம்பர் 9 அன்றுதானாம். நியூமராலஜி பார்க்கும் என் சித்தப்பா, "ஒன்பது செவ்வாயின் எண், ரத்தக்களரி இல்லாமல் போகுமா?" என்கிறார். இது தற்செயல்தானா? அவ்வளவு பெரிய நாள் என்றால் அதையே தேசிய நாளாக ஏன் வைக்கவில்லை?

பெயர் வேண்டாம், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு தேதிகளும் சரி: 1918, 1923, 1938, 1989. வாட்ஸ்அப்பில் வந்த செய்திக்கு இதுவே பெரிய விஷயம். ஆனால் எல்லாமே தற்செயல் இல்லை.

1918இல் ஜெர்மனி முதல் உலகப் போரில் தோற்றுக்கொண்டிருந்தது. கீல் துறைமுகத்து மாலுமிகள் தொடங்கிய கலகம் ஊர் ஊராகப் பரவி 9ஆம் தேதி பெர்லினை எட்டியது. கெய்சர், அதாவது ஜெர்மன் பேரரசர், சம்மதிப்பதற்கு முன்பே அவர் முடி துறந்துவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார். அந்த நாளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 1923இல் தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைவர்கள் ம்யூனிக்கின் ஒரு பீர் மண்டபத்தில் கூடியிருந்ததால், 8ஆம் தேதி இரவே ஹிட்லர் அதை வளைத்துக்கொண்டார். மறுநாள் ஊர்வலம் போனார்கள், போலீஸ் சுட்டது. அவர் தரப்பில் 16 பேர், போலீஸ் தரப்பில் 4 பேர் செத்தார்கள்.

விஷயம் இதற்கு அப்புறம்தான். 1933இல் ஆட்சியைப் பிடித்ததும் அந்தத் தோல்வியையே ஹிட்லரின் நாஜிக் கட்சி திருவிழாவாக்கியது. வருடா வருடம் 8ஆம் தேதி அதே மண்டபத்தில் ஹிட்லரின் பேச்சு, 9ஆம் தேதி ஊர்வலம். கட்சியின் பெருந்தலைகள் எல்லாம் அன்று ம்யூனிக்கில்தான் இருப்பார்கள். 1938 நவம்பர் 7 அன்று பாரிஸில் க்ரின்ஸ்பான் என்ற 17 வயது யூத இளைஞன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி, 9ஆம் தேதி இறந்துபோனார். ம்யூனிக் பழைய நகர மண்டபத்தில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஹிட்லர் தன் பிரசார அமைச்சர் கோயபல்ஸிடம் ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார். கோயபல்ஸ் எழுந்து பேசினார். அவர் முடித்ததும் மாவட்டத் தலைவர்கள் தொலைபேசிக்கு ஓடினார்கள், தத்தம் ஊர்களுக்கு உத்தரவு போனது. அந்த இரவும் மறுநாளும் 1,000க்கும் மேற்பட்ட யூத வழிபாட்டு இடங்கள் எரிக்கப்பட்டன, நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்களை வதை முகாம்களுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அத்தனை பேரும் ஒரே கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது 1923இன் ஆண்டு விழாவால். செவ்வாயால் அல்ல.

தேதி தவறாத இந்தப் பழக்கத்தை நம்பி இன்னொருவர் ஒரு காரியம் செய்தார். கேயார்க் எல்சர் என்ற தச்சர் 30க்கும் மேற்பட்ட இரவுகள் அந்த பீர் மண்டபத்தில் ஒளிந்திருந்து, மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைந்து கடிகார வெடிகுண்டை வைத்தார். 1939 நவம்பர் 8 அன்று அது சொன்ன நேரத்துக்கு வெடித்தது. அந்த வருடம் மட்டும் பேச்சைச் சுருக்கிக்கொண்ட ஹிட்லர் 13 நிமிடம் முன்னால் கிளம்பிப் போயிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். உங்கள் வாட்ஸ்அப் செய்தியில் இது இருக்காது, தேதி ஒரு நாள் தள்ளிப்போகிறதே!

1989 சுத்தமான தற்செயல். கிழக்கு ஜெர்மனி மக்கள் மேற்கே போக அனுமதிக்கும் புதிய பயண விதிகள் 10ஆம் தேதி காலையில்தான் வெளிவருவதாக இருந்தன. விசாவுக்கு வரிசையில் நின்று ஒழுங்காகப் போவார்கள் என்பது கிழக்கு ஜெர்மன் அரசின் கணக்கு. விதிகளை விவாதித்த கூட்டத்தில் இல்லாத ஷாபோவ்ஸ்கி என்ற ஆளுங்கட்சித் தலைவர், கையில் கொடுத்த தாளோடு 9ஆம் தேதி மாலை நிருபர்களைச் சந்தித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மக்கள் சுவரை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். இரவு பதினொன்றரை வாக்கில் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடியில் கூட்டத்தைத் தாங்க முடியாமல் காவலர்கள் கதவைத் திறந்தார்கள். ஷாபோவ்ஸ்கி தாளை ஒழுங்காகப் படித்திருந்தால் வரலாற்றில் நவம்பர் 10 என்று இருந்திருக்கும், உங்கள் சித்தப்பா சூரியனைப் பற்றிப் பேசியிருப்பார்.

தேசிய நாள் பற்றி: நவம்பர் 9 என்ற யோசனை வரத்தான் செய்தது. ஆனால் 1938 நடந்த தேதியில் பட்டாசும் பாண்டு வாத்தியமும் எப்படி வைப்பது? அதனால் 1990இல் இரு ஜெர்மனிகளும் சட்டப்படி இணைந்த அக்டோபர் 3ஐ வைத்துக்கொண்டார்கள். அரசாங்கம் குறித்த தேதி அது. எனக்கென்னவோ அவர்கள் செய்தது சரி என்றே படுகிறது.