பஞ்சர் கடைக்கு ஜெனரேட்டர்: கம்ப்ரசர் ஏன் திணறுகிறது, ஜெனரேட்டரை எங்கே வைக்கக் கூடாது

பைபாஸ் ஓரத்தில் பஞ்சர் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2 எச்பி சிங்கிள் பேஸ் கம்ப்ரசர் இருக்கிறது. கரண்ட் போகிற நேரத்துக்காக 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினேன். கம்ப்ரசரைப் போட்டதும் மோட்டார் உம்மென்று முனகுகிறது, ஜெனரேட்டர் அடங்கிவிடுகிறது. 2 எச்பி என்றால் 1500 வாட்தானே? அப்புறம், மழைக்கும் திருட்டுக்கும் பயந்து ராத்திரியில் ஜெனரேட்டரைக் கடைக்குள் வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓட்டலாமா? பையன் ஒருவன் உள்ளே படுத்திருப்பான்."

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடவே கூடாது. ஷட்டர் பாதி திறந்திருந்தாலும், முழுதாகத் திறந்திருந்தாலும், ஃபேன் ஓடினாலும் கூடாது. பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும், அதனால் மூச்சு வழக்கம்போல வந்துபோகும்போதே உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும். விழித்திருப்பவருக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஏதாவது காட்டும். தூங்குகிற பையனுக்கு அதுவும் தெரியாது, எழுந்திருக்கவே மாட்டான். தயவுசெய்து இன்று ராத்திரியே வெளியே எடுத்துவிடுங்கள்.

கடையிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் கடைக்கும் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மழைக்கு மேலே ஒரு தகரம் போதும், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். தார்ப்பாய் சுற்றி மூடினால் சூடேறும், புகையும் அங்கேயே தங்கும். திருட்டுக்கு, தரையில் கான்கிரீட்டில் ஒரு கொக்கி பதித்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். கடைக்குள் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று மாட்டினால் இன்னும் நல்லது. யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-க்குக் கூப்பிடுங்கள்.

சரி, முனகல் விஷயம். 1500 வாட் என்பது மோட்டார் ஷாஃப்டில் தருகிற வேலை. அதற்கு அது ஓடும்போது இழுப்பதே சுமார் 2000 வாட், அதாவது 10 ஆம்பியர் பக்கம். கிளம்பும் அந்த ஓரிரு நொடியில் ஐந்தாறு மடங்கு, 50 ஆம்பியருக்கு மேல் கேட்கும். ஈபி லைன் அதைக் கொடுத்துவிடும், லைட் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். 3 கேவிஏ ஜெனரேட்டரால் தொடர்ந்து தர முடிவதோ 13 ஆம்பியர், அதனால் வோல்டேஜ் சரிகிறது. வோல்டேஜ் பாதியானால் மோட்டாரின் சுழற்றும் பலம் கால்வாசியாகிவிடும், சுற்ற முடியாமல் நின்று சூடாகும். நாலைந்து தடவை இப்படி முயன்றால் கெபாசிட்டரோ காயிலோ போய்விடும், எனவே முனகினால் உடனே ஆஃப் செய்யுங்கள்.

ஆனால் புதிய ஜெனரேட்டருக்குப் பணம் போடும் முன் ஒன்று பாருங்கள். டாங்கின் காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, ஜெனரேட்டரைச் சில நிமிடம் சும்மா ஓடவிட்டு, சோக்கை 'ரன்' நிலைக்குத் திருப்பிவிட்டு, வேறு எதுவும் மாட்டாமல் கம்ப்ரசரை மட்டும் போடுங்கள். காலி டாங்கில் கிளம்பி, காற்று நிரம்பி நின்றபின் மறுபடி கிளம்ப மறுத்தால், கோளாறு அன்லோடர் வால்விலும் இருக்கலாம். பிரஷர் சுவிட்ச் கட் ஆகும்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், ஹெட்டில் அடைபட்ட காற்று வெளியேறும் சத்தம் அது. வராவிட்டாலோ, வந்து நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தாலோ (அப்போது கோளாறு நான்-ரிட்டர்ன் வால்வில், அதாவது டாங்கின் காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வில்) மெக்கானிக்கிடம் காட்டுங்கள், சின்ன செலவுதான்.

ஒயரையும் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இருக்கிற வோல்டேஜையும் தின்றுவிடும். ஜெனரேட்டர் 20 அடி தள்ளிப் போவதால் 4 ஸ்கொயர் எம்எம் ஒயர் போடுங்கள், சுருளாக வைக்காமல் முழுதாகப் பிரித்துவிடுங்கள். தூரத்தில் நிற்கும் லாரிக்குக் காற்றடிக்க ஒயரை நீட்டாதீர்கள், ஏர் ஹோஸை நீட்டுங்கள். கடை பிளக்கில் ஜெனரேட்டர் ஒயரைத் தலைகீழாகச் சொருகி மொத்தக் கடைக்கும் கரண்ட் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வரை ஏறிப்போய், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பியைத் தொடும் லைன்மேனைக் கொல்லும். ஈபி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் கடையோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் கடை ஒயரிங்கில் சேர்க்கவே வேண்டாம்.

பெட்ரோலை எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கம்ப்ரசர் டாங்கின் அடியில் இருக்கும் வால்வைத் தினமும் திறந்து தண்ணீரை வடியுங்கள், இல்லாவிட்டால் உள்ளுக்குள் துருப்பிடித்து ஒருநாள் வெடிக்கலாம். ஓட்டை விழுந்த டாங்குக்கு வெல்டிங் வைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். சேஃப்டி வால்வை வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பையன் சட்டைத் தூசியைக் காற்றடித்துத் தட்டுகிறானா என்றும் கவனியுங்கள். விளையாட்டாக உடம்பில் காற்றடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டிலேயே வந்திருக்கின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் திணறினால் 7.5 கேவிஏ அளவுக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது எஞ்சினே பெல்ட்டில் சுற்றும் கம்ப்ரசர் வாங்கலாம். காற்றுக்கு மட்டும்தான் தேவை என்றால் எனக்குப் பின்னது பிடிக்கும், ஆனால் அதன் புகைக்கும் அதே 20 அடிதான். ஜெனரேட்டர் என்றே முடிவு செய்தால் மோட்டார் பிளேட்டைப் படமெடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் உங்கள் கம்ப்ரசரையே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் டாங்கில் பாதிக் காற்று இருக்கும்போது.