புது டைல்ஸ் போட்டதிலிருந்து என் நாய் கூடத்துக்குள் வர மறுக்கிறது. இந்தப் பிடிவாதத்தை எப்படிப் போக்குவது?

உங்கள் கேள்வியில் 'பிடிவாதம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். இதே சொல்லை நானும் மூன்று வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது. உங்கள் நாய்க்கு அநேகமாகக் கால் வழுக்குகிறது, விழுந்துவிடுவோம் என்று பயப்படுகிறது. அதற்குப் பேர் பிடிவாதம் இல்லை.

எங்கள் ஜிம்மி லாப்ரடார். வீட்டைச் செப்பனிட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. பழைய தரை சொரசொரப்பானது, அங்கங்கே வெடிப்பு விட்டிருந்தது, எத்தனை துடைத்தாலும் அழுக்காகவே தெரியும். பல வருடம் காசு சேர்த்து, கூடம், நடை, சமையலறை எல்லாவற்றுக்கும் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பான டைல்ஸ் போட்டோம். தேர்ந்தெடுத்தது நான்தான். நிறம் பார்த்தேன், அளவு பார்த்தேன், விளக்கு வெளிச்சத்தில் எப்படி இருக்கும் என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நாலு காலில் நடக்கிற ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பது மட்டும் நினைவுக்கே வரவில்லை.

வேலை நடந்த பன்னிரண்டு நாளும் ஜிம்மி என் தங்கை வீட்டில் இருந்தாள். திரும்பக் கூட்டிவந்த அன்று வழக்கம்போல வாசற்படி தாண்டி ஓடிவந்தவள், கூடத்தின் நடுவில் உடம்பைத் திருப்ப முயன்றாள். பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விலகி, வயிறு தரையில் பட விழுந்தாள். நாங்கள் சிரித்தோம். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை, எல்லாரும் சிரித்தோம். அவள் எழப் பார்த்து மறுபடி சரிந்து, கடைசியில் சுவரோரமாகவே ஊர்ந்து வாசலுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். அதற்கப்புறம் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பாட்டுத் தட்டைக் கூடத்தின் நடுவில் வைத்தேன், பசித்தால் தானாக வருவாள் என்று. அவள் வாசலில் இருந்து தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தாள். அப்புறம் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி இழுக்க ஆரம்பித்தேன். நகத்தால் தரையைப் பிடிக்கப் பார்த்தாள், கீச்சென்று சத்தம் வந்ததே தவிர எதுவும் பிடிபடவில்லை. "இன்னைக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு நம்ம பேச்சைக் கேட்கவே மாட்டா" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அவளுக்குக் கால் நிக்கலடா, உனக்குக் கண்ணு தெரியலையா" என்றார். சொல்லும்போது அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தார். முழங்கால் வலிக்காரரான அவரும் அந்த மூன்று வாரமாகச் சுவரைப் பிடித்தே நடந்திருக்கிறார், எனக்கு மனசு நோகும் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். கயிற்றைக் கழற்றிவிட்டேன்.

அடுத்த நாள் கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் பார்த்தது இடுப்பையோ முதுகையோ இல்லை, பாதத்தைத் தூக்கிப் புரட்டிப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் முடி நீளமாக வளர்ந்து, பாதத்தில் இருக்கிற மெத்தையையே மூடியிருந்தது. நம் காலில் உறை மாட்டிக்கொண்டு பளிங்குத் தரையில் நடப்பது போலத்தான் அது. நகமும் நீண்டிருந்தது. நாய் தன் மெத்தையை அழுத்தி நிற்கும், மண்ணிலும் புல்லிலும் என்றால் நகத்தை ஊன்றி உந்தும். டைல்ஸில் நகம் இறங்க இடமில்லை. வழுக்கும் என்று பயந்தால் உடனே விரலை இறுக்கி நகத்தை ஊன்றப் பார்க்கும், அப்படிச் செய்யும்போது மெத்தை தரையை விட்டு எழும்பி இன்னும் அதிகமாக வழுக்கும். பயம் கூடக்கூட வழுக்கலும் கூடும். நான் கயிறு போட்டு இழுத்தது அந்தப் பயத்தைத்தான் வளர்த்திருக்கிறது.

எக்ஸ்ரேயில் இன்னொன்றும் தெரிந்தது, இடுப்பு மூட்டில் தேய்மானம். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி பெரிய நாய்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம், வயதானால் வலி சேர்ந்துகொள்ளும். சொரசொரப்பான தரையில் அவள் அதைச் சமாளித்துக்கொண்டிருந்தாள், நான் போட்ட புதுத் தரையில் முடியவில்லை. இப்படிக் கால் விரிந்து விழும்போது முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் இணைப்புநார் அறுந்து அறுவை சிகிச்சை வரை போகிற நாய்களும் உண்டு என்றார். ஜிம்மிக்கு அது நடக்கவில்லை.

சரி, நாங்கள் செய்தது. பாத முடியை மெத்தையோடு மட்டமாக வெட்டினோம். நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும், ஒரே நாளில் ஒட்ட வெட்டினால் ரத்தம் வரும், வலிக்கும், அதற்கப்புறம் காலைத் தொடவே விடாது. கறுப்பு நகம் என்றால் உள்ளே எதுவும் தெரியாது, அதனால் நுனியை மட்டும் அடிக்கடி வெட்டுங்கள், உள்சதை மெல்லப் பின்வாங்கும். நாய் நிற்கும்போது நகம் தரையில் முட்டக் கூடாது, அதுதான் கணக்கு.

பிறகு வாசலில் இருந்து அவள் படுக்கை வரை, அங்கிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை, அடியில் ரப்பர் வைத்த நீள விரிப்பால் ஒரு பாதை போட்டேன். அடியில் ரப்பர் இல்லாத விரிப்பு வேண்டவே வேண்டாம், விரிப்போடு சேர்ந்து நாயும் வழுக்கும். முதலில் சாம்பல் நிறத் தரைக்கு அழகாக இருக்கட்டும் என்று அடர் சிவப்பு வாங்கினேன், அவள் ஓரத்திலேயே தயங்கினாள். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும், சிவப்பு மங்கிப் போய்த் தரையோடு கலந்துவிடும். மஞ்சள் விரிப்பு மாற்றியதும் விளிம்பைப் பார்த்துக் கால் வைத்தாள். இழுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. நான் விரிப்பின் மறுமுனையில் தரையில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன், அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தை விரிப்பின் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். நாலாவது நாள் வந்து என் தொடையில் தலை வைத்துப் படுத்தாள். அம்மாவும் இப்போது அந்த விரிப்பின் மேல்தான் நடக்கிறார்.

'நாய்க்காக வீட்டை அலங்கோலமாக்க வேண்டுமா' என்று கேட்க இதைப் படிக்கிறவர்களில் கட்டாயம் யாராவது இருப்பார்கள். நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் தரையைப் பெயர்த்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானே பெயர்க்கவில்லை, அதற்குக் காசும் இல்லை. இனிமேல் போடப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். டைல்ஸுக்கு வழுக்கல் தர எண் உண்டு, ஆர்9 முதல் ஆர்13 வரை. எண்ணெய் ஊற்றிய சரிவுப் பலகையில் ஆளை நடக்கவைத்து, எத்தனை சரிவு வரை வழுக்காமல் நிற்கிறார் என்று பார்த்து அந்த எண்ணைக் கொடுக்கிறார்கள். ஆர்9 என்றால் பிடிமானம் மிகக் குறைவு. ஆர்10, ஆர்11 கேட்டு வாங்குங்கள், பளபளப்பு இல்லாத மேட் ரகத்தில் கிடைக்கும். துடைக்கக் கொஞ்சம் கூடுதல் உழைப்பு வேண்டும், அது உண்மைதான். எனக்கு இந்த எண்ணை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் வேலை இன்னும் மிச்சம் இருந்தால் நாயை அந்தப் பக்கம் விடாதீர்கள். ஈரச் சிமென்ட் கடுமையான காரத்தன்மை கொண்டது, பாதம் வெந்துபோகும், நக்கினால் வாயும் புண்ணாகும். தச்சு வேலைக்கு வைத்திருக்கும் பாலியூரித்தேன் பசையைச் சில நாய்கள் கடித்து விழுங்கிவிடும், வயிற்றுக்குள் போய் அது பல மடங்கு உப்பிக் கட்டியாகிவிடும், வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டும் தூசியில் ஈயம் இருக்கலாம், நாய்க்கும் ஆகாது குழந்தைக்கும் ஆகாது. அப்புறம் ட்ரில்லிங் சத்தம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை கேட்கும், நமக்குக் கேட்காத கீச்சொலியும் சேர்ந்து அதன் காதில் விழும். தங்கை வீடு இருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

சத்தம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். எதிர் வீட்டில் வேலை நடந்தபோது காலை ஏழு மணிக்கே சுவர் உடைப்பார்கள், ஜிம்மி குரைப்பாள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதைப் பெரிய புகாராக எடுத்தார்கள். சுவர் உடைத்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. குரைத்தது எங்கள் நாய்தான், தொந்தரவாகத்தான் இருந்திருக்கும், மன்னிப்புக் கேட்டேன், பகலில் உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். அதே கூட்டத்தில், தெரு முனையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் நாலு மாதமாக மூடாமல் கிடக்கிறது, விளக்கும் எரியவில்லை, ஒரு சின்னப் பையன் அதில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான் என்று எழுந்து சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். நாய் பற்றி நாற்பது நிமிடம் பேசியவர்கள் அந்தப் பள்ளத்துக்கு இரண்டு நிமிடம் கொடுக்கவில்லை. தடுப்புப் பலகையை நானும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் கொண்டுபோய் நட்டோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நாய் வளர்ப்பவன் பேசினால் அவன் நாய்க்காகத்தான் பேசுவான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள், அவனும் அதே தெருவில் குழந்தையை நடத்திக் கூட்டிப்போகிறவன்தானே.

சரி, உங்கள் நாய்க்கு வருகிறேன். வயது எழுதவில்லை நீங்கள். குட்டியோ இளசோ என்றால் முடியும் நகமும் வெட்டி விரிப்புப் போட்டாலே சில நாளில் வந்துவிட வாய்ப்பு அதிகம். ஏழு எட்டு வயதைத் தாண்டியிருந்தாலோ, எழும்போது பின்பக்கம் தடுமாறினாலோ, படி ஏறத் தயங்கினாலோ, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இருக்கும் போலத் தெரிந்தாலும் வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், இபுப்ரோஃபென், பாராசிட்டமால் எல்லாம் நாய்க்கு விஷமாகலாம். வயதையும் எந்தக் காலைத் தூக்கி வைக்கிறது என்பதையும் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அதுவரை சாப்பாட்டுத் தட்டை அது நிற்கிற இடத்திலேயே வையுங்கள்.